பழைய மதராஸின் சாவடி எங்கே? தேடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாரிமுனையில் கூடி, உயர் நீதிமன்ற மதிலை ஒட்டி நடந்து, மண்ணடி வழியாகப் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்கா வரை ஊர்க்கதை பேசிக்கொண்டே போவது சில ஆண்டுகளாக எங்கள் வழக்கம். கூட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கட்டடத்தைச் சுற்றியே வருகின்றன. கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் நம் ஊரில் வழக்கு விசாரித்த சாவடி அது. இன்று அதன் ஒரு செங்கல்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. வழியில் நின்று அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதிவைக்கிறேன்.

சாவடி என்றால் சத்திரம்தானே?

இல்லை. இந்தக் குழப்பம் ஆங்கிலேயர் நாவினால் வந்தது. சாவடி, சத்திரம் இரண்டையுமே அவர்கள் 'சவுல்ட்ரி' என்று ஒரே சொல்லால் எழுதினார்கள். வழிப்போக்கர் தங்கவும் ஏழைகளுக்குச் சோறு போடவும் கட்டியது சத்திரம். ராயபுரம் பக்கத்து மணியக்காரர் சத்திரம் அந்த வகை. 1780களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சி ஊற்றிய இடம் அது. அங்கே முளைத்த மருத்துவமனைதான் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி ஆயிற்று. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று என் பாட்டி சாகும்வரை சொன்னார்.

சாவடி வேறு. ஊர்ப் பெரியவர் உட்கார்ந்து வழக்குக் கேட்பதும், வரி வாங்குவதும், காவல்காரர் கூடுவதும் அங்கே. தமிழ் அந்தப் பொருளை இன்னும் கைவிடவில்லை. சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி, வாக்குச்சாவடி என்று அரசாங்கம் மக்களை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

அப்படியானால் கொத்தவால் சாவடிதானே அது?

அதுவும் இல்லை. பெயரை வைத்துப் பலரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். சந்தையையும் ஊர்க்காவலையும் பார்த்துக்கொண்ட அதிகாரி கொத்தவால். அவர் பெயரைத் தாங்கிய கொத்தவால் சாவடியில்தான் நகரத்தின் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை நடந்தது. அது இருப்பது இன்றைய ஜார்ஜ் டவுனுக்குள். நாம் தேடும் சாவடி நின்ற நகரமே வேறு.

வேறு நகரமா?

ஆமாம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் இடம் பெற்று, அடுத்த ஆண்டு கும்பினியார் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். கோட்டைக்கு வடக்கே, கடற்கரை மணலில், நெசவாளரும் சாயம் தீட்டுகிறவரும், இருமொழி பேசி இடைநின்ற துபாஷிகளும் வணிகரும் குடியேறினார்கள். ஆங்கிலேயர் அதைக் கறுப்பர் நகரம் என்று எழுதினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறதே, அந்த வளாகமும் அதைச் சுற்றிய நிலமும்தான் அந்த முதல் நகரம். வடக்கே ஏறக்குறைய இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலை வரை அது நீண்டது. கிழக்கே கடல். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கடல் இன்றைய ராஜாஜி சாலைப் பக்கம் வரை வந்துபோனது. அந்தச் சாலையின் பழைய பெயரே முதல் கடற்கரை வரிசைதான்.

அந்த நகரத்தை முழுவதுமாக இடித்துவிட்டார்கள். அதற்கு வடக்கே முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் சேர்ந்து புதிய கறுப்பர் நகரமாக வளர்ந்தன. அதைத்தான் பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்றார்கள். நாம் பழைய மதராஸ் என்று நினைத்துச் சுற்றிப் பார்க்கும் தெருக்களெல்லாம் இரண்டாவது நகரத்துத் தெருக்கள். முதல் நகரம் வழக்கறிஞர்கள் வண்டி நிறுத்துகிற தரைக்குக் கீழே இருக்கிறது.

சாவடியில் என்ன நடந்தது?

தொடக்கத்தில் ஊர் வழக்கப்படி ஓர் அதிகாரி அங்கே உட்கார்ந்து சிறு வழக்குகளைத் தீர்த்தார். அதிகாரி என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர் 'அடிகார்' என்று ஏடுகளில் எழுதிவைத்தார்கள். 1678-இல் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் இதை மாற்றி அமைத்தார். கும்பினி ஊழியர்களே சாவடி நீதிபதிகள் ஆனார்கள். வாரத்தில் இரண்டு நாள் விசாரணை. 50 வராகன் (அக்காலப் பொற்காசு) வரையிலான வழக்குகள் அங்கேயே முடிந்தன. அதற்கு மேற்பட்டவை கோட்டைக்குள் கவர்னரும் ஆலோசனைச் சபையும் உட்கார்ந்த மன்றத்துக்குப் போயின. பிறகு 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. மேயர் நீதிமன்றமும் வந்தது. சாவடியின் கை சுருங்கியது.

வழக்கு மட்டும் அல்ல. வீடு, நிலம் கைமாறினால் அங்கே பதிய வேண்டும். 1680களில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களையும் அங்கேதான் பதிந்தார்கள். இதை ஒவ்வொரு நடையிலும் நான் சொல்லாமல் விடுவதில்லை. கூட வந்த ஒரு பள்ளிப் பெண், "அவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்திருப்பார்கள், சார்?" என்று கேட்டாள். இந்தத் தேடலில் எனக்குப் பிடிவாதம் வந்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

எந்த இடத்தில் நின்றது என்று சொல்ல முடியுமா?

வீட்டு எண் போலச் சொல்ல முடியாது. வட்டம் போட்டுக் காட்டலாம். கோட்டையை ஒட்டி ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளையர் நகரத்துக்கும் அன்று ஒரு மதில் இருந்தது. அதன் வடக்குப் பக்கத்தில் கறுப்பர் நகரத்தை நோக்கித் திறந்த வாசல் ஒன்றின் பெயர் சவுல்ட்ரி கேட். அந்த வாசலுக்குப் போகும் தெரு சவுல்ட்ரி கேட் தெரு. நம் ஊர்களில் வாசலுக்குப் பெயர் எப்படி வரும்? திறந்தால் எதிரே எது தெரிகிறதோ, எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அதன் பெயர்தான் வரும். ஆகவே கோட்டையின் வடக்கு மதிலுக்கும் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தின் தென் பகுதிக்கும் இடைப்பட்ட நிலத்திலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இதில் ஒரு கவலையும் உண்டு. பின்னாளில் கோட்டையின் வடக்குப் பக்கத்தை வலுப்படுத்தி அகழியும் புற அரண்களும் வெட்டினார்கள். அகழி வெட்டிய இடத்தில் எதுவும் மிஞ்சாது. சாவடியின் அடித்தளம் அந்த வெட்டுக்குள் போயிருந்தால் நாம் தேடுவது வெறும் காற்றை.

எப்படிக் காணாமல் போனது?

போரினால். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். கோட்டைக்கு எதிரே வீடுகள் நெருங்கி நின்றால் எதிரி மறைந்து வரலாம், பீரங்கிக்குக் குறி தெரியாது என்று கோட்டையை ஒட்டிய பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். 1749-இல் உடன்படிக்கைப்படி ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. அவர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். 1757-ஐ ஒட்டி மிச்சத்தையும் இடித்தார்கள். நகரத்தின் நடுவே நின்ற சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் அப்போதுதான் போயிற்று. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்து முற்றுகையிட்டது. மறுபடியும் இடிபாடு.

அதற்குப் பிறகு அங்கே எவரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லை போட்டு வெட்டவெளியாக வைத்தார்கள். எஸ்பிளனேடு என்ற பெயர் அப்படி வந்தது. 1773-இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் ஒன்று இன்னமும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கோயில் என்ன ஆயிற்று?

மாற்று இடம் கொடுத்தார்கள். பூக்கடை அருகே, சென்ன மல்லீசுவரர் கோயிலோடு சேர்த்து 1760களில் மறுபடி எழுந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் பெருமுயற்சி அது. பட்டணத்துக் கோயில் என்று சொல்லி இன்றும் தீபம் ஏற்றுகிறார்கள். கோயிலுக்கு அழ ஆள் இருந்தது, ஆகவே திரும்பி வந்தது. சாவடிக்கு அப்படி யாரும் இல்லை.

இடித்துவிட்டார்கள் என்கிறீர்கள். பிறகு தேடுவதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கட்டடத்தை இடிப்பவன் தரைக்கு மேலே இருப்பதைத்தான் முழுதாக எடுப்பான். நல்ல செங்கல் என்றால் மட்டும் விட்டுவைக்க மாட்டான், அடித்தளம் வரை தோண்டிப் பிடுங்கிக்கொண்டு போவான். பிடுங்கிய இடத்தில் நீளமான பள்ளம் விழும். அதில் உடைசல், காரை, மண் எல்லாம் சரிந்து நிரம்பும். சுற்றியுள்ள மணல் ஒரு நிறம், பள்ளத்தில் விழுந்தது வேறு நிறம். தொல்லியலாளர் கொலுரு என்கிற சிறு கரண்டியால் தரையை மெல்லச் சீவிக்கொண்டே வந்தால், சுவர் நின்ற கோடு நிழல் போலத் தெரியும். சுவர் இல்லை, ஆனால் அதன் நீள அகலம் இருக்கிறது.

அதோடு கிணறு இருக்கிறது. கிணற்றை யாராலும் இடிக்க முடியாது, தூர்க்கத்தான் முடியும். தூர்க்கும்போது கைக்குக் கிடைத்ததையெல்லாம் உள்ளே போடுவார்கள். அதனால் தூர்ந்த கிணறு என்பது அந்த ஆண்டின் குப்பைத்தொட்டி.

என் கையில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் நடை போகும் வழியில் மழைநீர் வடிகாலுக்குத் தெருவை வெட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தின் பக்கச் சுவரில், தார்ச்சாலைக்கு ஏறக்குறைய நான்கடி கீழே, ஒரு வெள்ளைக் கோடு. வேலை செய்துகொண்டிருந்த வயதான கொத்தனாரிடம் கேட்டேன். அவர் ஒரு துண்டை உடைத்து உள்ளங்கையில் வைத்தார். "சிமென்ட் இல்லை தம்பி, கிளிஞ்சல் சுண்ணாம்பு. இதோ, வேகாத கிளிஞ்சல்" என்று நகத்தால் காட்டினார். அரிசி அளவில் பளபளவென்று ஒரு சிப்பித் துணுக்கு, அதன் வரிகூட அழியாமல் இருந்தது. கூடவே வந்த செங்கல் ஒன்றரை அங்குலத் தடிமன்தான், அதிரசம் போலத் தட்டையாக. இன்றைய சூளைக் கல் அதைவிட இரண்டு மடங்கு கனம். படம் எடுக்கக் கேமராவோடு மறுநாள் காலை போனேன். இரவோடு இரவாகக் குழாய் பதித்து, மூடி, ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஒப்பந்தக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவருக்கு அதைப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால் போதாதா?

அதுதான் முதல் படி. தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது அளந்து போட்ட படம் 1710-ஐ ஒட்டியது. அதில் கறுப்பர் நகரம் உயிரோடு இருக்கிறது. கான்ராடி என்பவர் போட்ட 1755-ஆம் ஆண்டுப் படம் பிரெஞ்சுக்காரர் போன பிறகான நிலையைக் காட்டுகிறது. ஒரு படத்தில் உள்ளது அடுத்ததில் இல்லை என்றால் இடிப்பின் காலம் அதிலிருந்தே தெரியும்.

ஆனால் இரண்டையும் பொருத்த நகராத புள்ளிகள் வேண்டும். தெரு நகர்ந்துவிட்டது, கடலே நகர்ந்துவிட்டது. நகராதவை சில உண்டு. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் ஒன்று. 1680-இல் திறந்தது, அதே இடத்தில் நிற்கிறது. மற்றொன்று உயர் நீதிமன்றத்தை அடுத்த பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் கல்லறைக் கோபுரம். அங்கேதான் அன்றைய ஆங்கிலேயர் இடுகாடு. 1680-இல் இறந்த கும்பினி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸும் கவர்னர் எலிஹு யேலின் குழந்தை டேவிட்டும் அதன் கீழே இருக்கிறார்கள். முற்றுகையின்போது பிரெஞ்சு வீரர்கள் இந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டதால், பிறகு இடுகாட்டையே கலைத்தார்கள். எழுத்துப் பொறித்த பலகைக் கற்கள் மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையாகப் பதிக்கப்பட்டன. ஹின்மர்ஸ் கோபுரமும் பவுனி குடும்பக் கல்லறையும் மட்டும் தப்பின. தேவாலயம் ஒரு முளை, கோபுரம் ஒரு முளை. இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினால் தொலைந்த நகரத்தின் தெருக்களை ஓரளவு விரித்துப் பார்க்கலாம்.

ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் காலப் படங்களில் தெரு அளந்து போட்டது, கட்டடம் அழகுக்குப் போட்டது. சில பத்தடி தவறினாலும் அகழாய்வுக் குழி பக்கத்து வீட்டு முற்றத்தில் போய் விழுந்துவிடும். அதனால் படத்தோடு பத்திரமும் வேண்டும். வீட்டு விற்பனையில் நான்கெல்லை எழுதுவது நமக்குத் தெரியாததா? "சாவடிக்கு வடக்கு" என்று ஒரு பத்திரம், "சாவடிக்குக் கிழக்கு" என்று இன்னொன்று கிடைத்தால் அது பிட் படத்தைவிட மதிப்புள்ளது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கோட்டையின் ஆலோசனைச் சபை ஏடுகள் இருக்கின்றன. பொறுமையுள்ள இளைஞர்கள் அங்கே உட்கார வேண்டும்.

தோண்டாமல் ரேடார் வைத்துப் பார்க்கலாமே?

பார்க்கலாம். தரைக்குள் அலையை அனுப்பி எதிரொலி கேட்கும் கருவி அது. காய்ந்த மணலில் அருமையாக வேலை செய்யும். உப்புத் தண்ணீர் ஊறிய மண்ணில் அலை செத்துவிடும். கடலோரமான இங்கே நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. ஆகவே மழைக்காலம் முடிந்து பல மாதம் ஆன பிறகு, பங்குனி சித்திரையில் பார்ப்பதுதான் நல்லது. அப்போதும் மின்கம்பி, குடிநீர்க் குழாய் எல்லாம் சுவர் போலவே தெரிந்து ஏமாற்றும்.

ஒரு சுவர் கிடைத்தால் அது சாவடிதான் என்று எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. ஒரு சுவரை வைத்து நம்பவே கூடாது. வீட்டுச் சுவருக்கும் சாவடிச் சுவருக்கும் செங்கல்லில் வித்தியாசம் இராது. அகலம், அறை அமைப்பு, தெருவைப் பார்த்த திண்ணை, தூண் நின்ற குழி இவற்றைச் சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். பிறகு கிடைக்கும் பொருள்கள். வீட்டில் அம்மிக் குழவியும் அடுப்புச் சாம்பலும் கிடைக்கும். பலரும் வந்துபோன இடத்தில் சில்லறைக் காசு, எடைக்கல், துணிப்பொதியில் அடித்த ஈய முத்திரை, சீனத்து நீலக்கோட்டுப் பீங்கான், சுங்கான் துண்டு இவை கூடுதலாக விழுந்திருக்கும்.

சுங்கானைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக் களிமண்ணில் செய்த புகைக்குழாய், கீழே விழுந்தால் உடைந்துவிடும், உடைந்தால் எறிந்துவிடுவார்கள். அதன் தண்டில் உள்ள துளை காலம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்தது. 1620 முதல் 1650 வரை இங்கிலாந்தில் செய்தவற்றில் பெரும்பாலும் அரைக்கால் அங்குலம். 1750-க்குப் பிறகு செய்தவற்றில் மாகாணி அங்குலம். துளைக்கருவியின் அலகை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்து அளப்பார்கள். ஒரு துண்டு பொய் சொல்லலாம். நூறு துண்டு சேர்ந்தால் காலம் தானே தெரியும்.

கீழடி போலத் தோண்டச் சொல்லலாமே?

கீழடியில் தென்னந்தோப்பு. இங்கே நீதிமன்றம். நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர் வந்துபோகும், காவல் மிகுந்த வளாகம். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, ஹின்மர்ஸ் கல்லறையும் அப்படியே. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010 திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி கேட்க வேண்டும். அகழாய்வுக்குத் தனி உரிமம் வேண்டும். ஆர்வலர்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகக்கூடாது. போனால் சட்டக் குற்றம் என்பதைவிடப் பெரிய கேடு, அடுக்கு கலைந்துவிடும் என்பது. கலைந்த அடுக்கை மறுபடி அடுக்க முடியாது.

நான் கேட்பது சிறியது. வடிகால், மின்கம்பி, குடிநீர் என்று எதற்காவது அந்த வளாகத்திலோ வடக்குக் கோட்டைச் சாலையிலோ பள்ளம் எடுக்கத்தான் போகிறார்கள். அந்தப் பள்ளம் மூடப்படுவதற்கு முன் ஒரு தொல்லியலாளர் அரை நாள் உள்ளே இறங்கி, பக்கச் சுவரைச் சீவி, அளந்து, படம் எடுக்கட்டும். வேலை நிற்க வேண்டாம், செலவும் பெரிதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மெட்ரோ ரயில் தோண்டியபோது எல்லாம் போய்விட்டதா?

இல்லை. சுரங்கம் தொல்பொருள் அடுக்குகளுக்கு வெகு ஆழத்தில் போகிறது. நிலையங்களுக்கு மேலிருந்து வெட்டிய பெட்டிகளில்தான் அடுக்குகள் முழுதாகப் போகும். 2019 பிப்ரவரியில் திறந்த உயர் நீதிமன்ற நிலையமும் மண்ணடி நிலையமும் அப்படிப்பட்டவை. மற்ற இடம் அப்படியே இருக்கிறது.

மாடிப் பூங்காச் சுவர் அந்தக் காலத்தது அல்லவா?

பிந்தியது. ஹைதர் அலி படையெடுத்து வந்த பயத்தில் புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதில் அது. அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. செலவுக்கு வரி போடுவதாகச் சொன்னார்கள், வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நிலைத்தது. நாம் தேடும் சாவடி இந்த மதிலைப் பார்த்ததில்லை. ஆனால் பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க நகரத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. தொட்டுப் பாருங்கள், சுரண்டாதீர்கள்.

புதையல் கிடைக்குமா? கோட்டைக்குச் சுரங்கப்பாதை உண்டாமே?

சாவடியில் புதையல் வைக்க மாட்டார்கள். சுரங்கப்பாதைக் கதை தமிழ்நாட்டில் கோட்டை இருக்கும் ஊர் எல்லாவற்றிலும் உண்டு. இங்கே கொஞ்சம் ஆழமாகப் போனாலே தண்ணீர் கசியும் மண்.

எங்கள் வீட்டில் தொட்டி தோண்டும்போது பழைய பொருள் வந்தால் என்ன செய்வது?

வேலையைச் சற்று நிறுத்துங்கள். எடுப்பதற்கு முன் கிடந்தபடியே படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து. தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று எழுதுங்கள். கழுவாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். மாநிலத் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள். வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து பலர் ஓட்டையும் காசையும் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். உடைந்த ஓட்டுக்காக யார் வீட்டையும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

வெள்ளைக்காரன் கட்டடத்தை நாம் எதற்குத் தேட வேண்டும்?

நடையில் வந்த ஒரு பெரியவர் இதைக் கோபத்தோடு கேட்டார். அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் மேரி தேவாலயத்துக்குள் போனது அவர்கள். சாவடிக்குள் போனது நாம். கூலி பாக்கிக்கு வந்த படகோட்டி, நூல் முன்பணத்தில் ஏமாந்த நெசவாளி, துணி காணாமல் போனதாகக் குற்றம் சாட்டப்பட்ட வண்ணார், விற்கப்பட்டு நின்ற பெண் எல்லாரும் மிதித்த தரை அது. தமிழிலும் தெலுங்கிலும் அவர்கள் பேசியதை ஆங்கிலத்தில் இரண்டு வரியாகச் சுருக்கி எழுதினார்கள். பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. வாசற்படி எந்தத் திசை பார்த்தது, வழக்குக்கு வந்தவர் நிற்க நிழல் இருந்ததா, திண்ணை இருந்ததா என்பதை எந்த ஏடும் அக்கறையோடு சொல்லாது. மண் சொல்லும்.

நான் உதவ முடியுமா?

முடியும். உயர் நீதிமன்றத்தைச் சுற்றியோ வடக்குக் கோட்டைச் சாலையிலோ தெரு வெட்டுவதைப் பார்த்தால், பள்ளம் திறந்திருக்கும் அன்றே, பக்கச் சுவர் முழுதும் தெரியும்படி வெளியில் நின்று ஒரு படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதித் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். மறுநாள் போனால் ஜல்லிதான் இருக்கும்.